கூடுதலாக ஒரு பிளேட்டு

களியக்காவிளைச் சந்தைக்கு விடியும் முன்பே வந்து நிற்கும் பிக்கப் வண்டிகளின் பின்சக்கரத்துக்கு உட்புறம் குனிந்து பாருங்கள். அச்சின்மேல் அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பிளேட்டுகளில் ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரியும். மற்றவை கம்பெனியின் கறுப்புப் பூச்சும் சேறுமாகக் கிடக்க, அந்த ஒன்றில் புதுத் துரு செம்மையாகப் பூத்திருக்கும். அல்லது வேறெந்த வண்டியிலோ கிடந்த காலத்துப் பச்சைப் பெயிண்ட் கொஞ்சம் மிச்சமிருக்கும். அது வண்டி வாங்கிய பிறகு ஏற்றிய பிளேட்டு.

தேங்காய்ப்பட்டணத்து மீன், அருமனைப் பக்கத்து ஏத்தங்குலை, குலசேகரத்து ரப்பர் ஷீட், காய்கறி மூட்டை என்று எல்லாவற்றையும் சுமந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் வரை ஓடுகிற வண்டிகள் இவை. ஒரே நடையில் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் டீசல் மிச்சம். கூடுதலாக ஏற்றினால் பின்பக்கம் தாழ்கிறது. தாழாமலிருக்க ஒரு பிளேட்டு. கணக்கு இவ்வளவுதான் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பட்டறையில் நடக்கும் பேச்சும் அப்படித்தான்.

“அண்ணே, பொறத்த ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பிளேட்டு ஏத்திப் போடுங்க.”

“போடலாம்டே. சும்மா போகும்போ துள்ளும்லா?”

அந்த மேஸ்திரியின் கேள்வியில் ஒரு முழு இயற்பியல் பாடம் இருக்கிறது. வண்டியில் எதை மாற்றினாலும் மாற்றம் மாற்றிய இடத்தில் நிற்பதில்லை. பிளேட்டில் தொடங்கியது பிரேக்குக்குப் போகும், ஹெட்லைட்டுக்குப் போகும், ஓட்டுகிறவரின் முதுகெலும்பு வரைக்கும் போகும். அந்தப் பாதையைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பது எனக்கு எப்போதுமே பெரிய சந்தோஷம்.

முதலில் அந்தப் பிளேட்டு அடுக்கையே பார்ப்போம். மேலே நீளமானது, கீழே வரவரக் குட்டை. இரும்பு மிச்சம் பிடிப்பதற்காக இப்படிச் செய்யவில்லை. இரண்டு முனைகளும் சேஸில் மாட்டியிருக்க, நடுவில் அச்சு மேல்நோக்கித் தள்ளுகிறது. வளைக்கிற விசை நடுவில்தான் உச்சம். முனைக்குப் போகப்போகக் குறைந்து கடைசியில் பூஜ்யம். ஆகவே நடுவில் நிறைய இரும்பு வேண்டும், முனையில் கொஞ்சம் போதும். ஒரே தகட்டில் இதைச் செய்தால் நடுவில் அகன்று முனைகளில் கூராகிற சாய்சதுரம் கிடைக்கும். அத்தனை அகலமான தகட்டைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைக்க இடம் கிடையாது. அதனால் அந்தச் சாய்சதுரத்தை நீளவாக்கில் கீற்றுகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டால் அச்சோடு இறுக்கிவிட்டார்கள். வில்வண்டிக்கும் ஜட்கா வண்டிக்கும் இதே அடுக்கைத்தான் போட்டார்கள். வடிவியலைக் கொல்லன் உலைக்குக் கொண்டுவந்த மனிதர் யாரென்று வரலாறு பெயர் சொல்லி வைக்கவில்லை. ஆனால் அது ஒரு மேதையின் வேலை.

ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும் என்பது சுமைக்கு நேர்விகிதம். ராபர்ட் ஹூக் 1676-இல் இதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக வெளியிட்டார். 1678-இல்தான் விடையைச் சொன்னார். அந்த விதிப்படி, ஒரே அளவான ஐந்து பிளேட்டுகளோடு ஆறாவது சேர்த்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும். இது எளிது. பிளேட்டின் தடிமனில்தான் சூட்சுமம். ஒரு பிளேட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. தடிமன் கால்பங்கு கூடினால் விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பழைய இரும்புக் கடையில் எடுத்த லாரி பிளேட்டைப் பிக்கப்புக்கு வெட்டிப் போடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிளேட்டு போட்டோம் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் இரண்டு மூன்று பிளேட்டின் வேலையை அது செய்துகொண்டிருக்கும். கூடவே, தடித்த பிளேட்டு அதே வளைவுக்கு மற்றவற்றைவிட அதிக இழுவிசையைத் தாங்க வேண்டிவரும். அதனால் முதலில் ஒடிவதும் பெரும்பாலும் அதுதான்.

துள்ளுவதற்கு வருவோம். ஸ்பிரிங்மேல் நிற்கும் எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. அதைக் கணக்கிட ஒரே ஓர் அளவு போதும்: நிற்கும்போது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பது. 10 செ.மீ. அமுங்கியிருந்தால் வண்டி நொடிக்கு ஒன்றரைத் தடவைக்குச் சற்றுமேல் ஆடும். நாம் நடக்கும்போது உடம்பு ஏறியிறங்குகிற வேகத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அது நமக்குச் சுகம். விறைத்த ஸ்பிரிங்மேல் காலி வண்டி நிற்கும்போது 2.5 செ.மீ.தான் அமுங்குகிறது என்று வையுங்கள். அப்போது ஆட்டம் நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் போகிறது. நொடிக்கு 4 முதல் 8 வரையான அதிர்வுதான் உட்கார்ந்திருக்கும் மனித உடலை மிக அதிகமாக வருத்துவது என்பது அளந்து கண்ட உண்மை. நம் வயிறும் முதுகும் தாமும் சேர்ந்து அதிர்வது அந்த வரம்பில்தான். காலி வண்டியை ஓட்டிக்கொண்டு மார்த்தாண்டம் வழியே திரும்பும் டிரைவரின் இடுப்புவலிக்கும் பின்னால் கிடக்கும் அந்தப் பிளேட்டுக்கும் நேரான உறவு இருக்கிறது. போகும்போது பாரத்தில் கிடைத்த நன்மைக்கு வரும்போது முதுகு விலை கொடுக்கிறது.

இதனால்தான் கம்பெனிக்காரர்கள் பல பிக்கப்புகளில் அடுக்கை இரண்டு கட்டமாக வைக்கிறார்கள். முதன்மை அடுக்கு எப்போதும் வேலை செய்யும். அடியிலோ மேலேயோ கொஞ்சம் விலகி நிற்கும் தடித்த ஹெல்பர் பிளேட்டு, பாரம் ஏறி அமுங்கிய பிறகுதான் போய்த் தொட்டுத் தாங்கத் தொடங்கும். காலியாக இருக்கும்போது மென்மை, பாரத்தில் விறைப்பு. வீட்டில் நாமே பிளேட்டு சேர்க்கும்போது பெரும்பாலும் இந்த இடைவெளியைத்தான் தொலைக்கிறோம்.

இனி, வெளியே தெரியாத ஒரு இடத்துக்குப் போகிறது பாதை. பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி மாட்டியிருக்கும். அதன் ஒரு முனை ஒரு சிறு வால்வில் போய்ச் சேரும். பாரத்தை உணர்ந்து பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு அது. பட்டறையில் எல்.எஸ்.பி.வி. என்பார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. காலி பிக்கப்பில் பின்பக்கம் ஏற்கெனவே எடை குறைவு. அதுவும் முன்னால் போய்விட்டால் பின்டயர் சாலையைச் சரியாகத் தொட்டிருக்காது. அந்த நேரத்தில் பின்பிரேக் முழு பலத்தோடு பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் போய்விடும். வண்டியின் வால் முன்னால் வரப் பார்க்கும், வண்டி சுழன்றுவிடும். இதைத் தடுக்கத்தான் வால்வு. அதற்குத் தராசு கிடையாது. சேஸுக்கும் அச்சுக்கும் உள்ள உயரத்தைப் பார்த்தே அது எடையை ஊகிக்கிறது. உயரம் குறைந்தால் பாரம் இருக்கிறது, பின்பிரேக்குக்கு முழு அழுத்தம். உயரம் கூடினால் காலி வண்டி, அழுத்தத்தைக் குறை.

கூடுதல் பிளேட்டு போட்ட வண்டியில் ஒன்றரை டன் ஏறினாலும் பின்பக்கம் அவ்வளவாகத் தாழ்வதில்லை. வால்வு அதைக் காலி வண்டி என்று எடுத்துக்கொள்கிறது. முழுப் பாரத்தோடு இறக்கத்தில் வரும் வண்டிக்குப் பின்பிரேக் அரைகுறையாகத்தான் கிடைக்கிறது. முன்பிரேக் எல்லாவற்றையும் தாங்கிச் சூடேறுகிறது. முன் பேட் சீக்கிரம் தேய்கிறது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள், கம்பியைக் கவனிக்க மாட்டார்கள். இன்னும் சிலர் கம்பியைக் கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டி, வால்வு எப்போதும் திறந்திருக்கும்படி செய்துவிடுவார்கள். பாரத்தில் பிரேக் அருமையாகப் பிடிக்கும். மழை நாளில் காலியாகத் திரும்பும்போது வால் வீசும்.

ஹெட்லைட் விஷயம் இதற்கு நேர் எதிர். அங்கே பிளேட்டு போடாத வண்டிதான் குற்றவாளி. இரண்டு அச்சுக்கும் நடுவே 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின்பக்கம் 5 செ.மீ. தாழும்போது 30 மீட்டர் தூரத்தில் விளக்கொளி அரை மீட்டர் உயர்ந்துவிடும். எதிரே வரும் பைக்காரரின் கண்ணுக்கு அது போதும். குழித்துறையிலிருந்து களியக்காவிளை வரைக்குமான நெருக்கடியான தேசிய நெடுஞ்சாலையில் இரவில் போனவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். ஹெட்லைட் அளவைப் பாரத்துக்குத் தக்க மாற்றிக்கொள்ளும் குமிழ் பல வண்டிகளில் டாஷ்போர்டிலேயே இருக்கிறது. அதைத் தொட்டே பார்க்காதவர்கள் ஏராளம்.

இப்படியெல்லாம் சொல்வதால் வீட்டில் வண்டியை மாற்றுவதே தவறு என்று நான் சொல்ல வருவதாக எண்ண வேண்டாம். பிக்கப் என்ற வண்டி பிறந்ததே வீட்டு வேலையில்தான். அமெரிக்க விவசாயிகள் ஃபோர்டு மாடல் டி காரின் பின்பக்கத்தை வெட்டி மரப்பெட்டி பொருத்தி ஓட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் 1925-இல் ஃபோர்டு கம்பெனியே தொழிற்சாலையில் பெட்டி பொருத்திய வண்டியை விற்கத் தொடங்கியது. நமக்கு அந்த வரிசையில் டாடா ஏஸ் என்ற குட்டியானை 2005-இலும், ஓசூரில் செய்த அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-இலும் வந்தன.

தமிழர்களின் வண்டி வரலாற்றில் நான் மிகவும் மதிக்கிற மாற்றவேலை யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1990-க்குப் பிறகு போரும் பொருளாதாரத் தடையும் பெட்ரோலை நிறுத்தியபோது, அங்கே மோரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு எஞ்சினை எழுப்புவது, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சூடான எஞ்சின் அதை ஆவியாக்கிக் கொடுத்துவிடும். மண்ணெண்ணெய் சீக்கிரமே தானாக வெடிக்கக்கூடியது; பழைய கார்கள் கலவையை அதிகம் அழுத்தாதவை என்பதால் அந்த வெடிப்பைச் சமாளித்தன. புதிய கார்களால் முடியாததைப் பழசுகள் செய்ததற்குக் காரணம் இதுதான். விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும்; கரி படியும். தெரிந்தே அதைக் கொடுத்து, ஊரை ஓட வைத்தார்கள். நம்மூர் தூத்தூர், வள்ளவிளைக் கடற்கரையில் வள்ளத்தின் எஞ்சினைப் பெட்ரோலில் எழுப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற மீனவர்களுக்கு இந்தச் சூட்சுமம் புதிதல்ல. கரை சேரும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்துவார்கள். அடுத்த நாள் குளிர்ந்த எஞ்சின் எழ வேண்டுமே. எதை மாற்றினால் எது இடறும் என்று தெரிந்து செய்யும் வேலை இது.

அந்தத் தெளிவு அதிகம் தேவைப்படுவது சேஸில். பெட்டியை உயர்த்த, கம்பிச் சட்டம் பொருத்த, ஸ்டெப்னி மாட்ட என்று சேஸில் துளை போடுகிறோம். சேஸின் நீளச் சட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ‘ப’வைப் படுக்க வைத்த வடிவம், மேலும் கீழும் பட்டையான உதடு, நடுவே நெட்டுச் சுவர். பாரம் அதை வளைக்கும்போது ஒரு உதடு இழுபடுகிறது, மற்றது நசுங்குகிறது. சுவரின் நடுவில் இந்த இழுப்பும் நசுக்கலும் ஏறக்குறைய இல்லை. ஆகவே துளை போட்டே தீர வேண்டுமென்றால் சுவரின் நடுப்பகுதியில் போடலாம். உதட்டில் போடவே கூடாது. காரணத்தை 1898-இல் ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் கணக்கிட்டுக் காட்டினார். இழுபடும் தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டால், துளையின் விளிம்பில் இழுவிசை மூன்று மடங்காகிறது. துளை சிறியதாக இருந்தாலும் அதே மூன்று மடங்குதான். ‘சின்ன ஓட்டைதானே’ என்ற ஆறுதலுக்கு இங்கே இடமே இல்லை.

மூன்று மடங்கானாலும் அன்றைக்கு ஒடியாது. அதுதான் ஏமாற்று. 1842-இல் பாரிஸிலிருந்து வெர்சாய் போய்த் திரும்பிய ரயிலின் எஞ்சினில் அச்சு முறிந்து, தீப்பிடித்து, 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் பத்திரமாக ஓடிய அச்சு ஒரு நாள் திடீரென்று ஏன் முறிகிறது என்ற கேள்வி அப்போது எழுந்தது. அகுஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் 1850-களிலிருந்து பல ஆண்டுகள் அச்சுகளை வளைத்து வளைத்துச் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்கத் தேவையான விசையைவிட மிகக் குறைந்த விசை போதும், லட்சக்கணக்கான தடவை மாறிமாறி வந்தால் இரும்பு களைத்து முறியும் என்று கண்டார். களியக்காவிளையிலிருந்து பத்துகாணி போய் வருகிற வண்டியின் சேஸ் ஒரு நடையில் எத்தனை ஆயிரம் தடவை வளைந்து நிமிரும் என்று நினைத்துப் பாருங்கள்.

வெல்டிங் வைத்த இடம் துளையைவிட மோசம். ஸ்பிரிங் பிளேட்டோ சேஸோ, இரும்பைச் சூடாக்கிக் குளிர்வித்த முறையில்தான் அதன் குணம் உருவாகிறது. வெல்டிங் ராடின் சூடு அந்தக் குணத்தைச் சுற்றிலும் அழித்துவிடும். முக்கியமாக ஸ்பிரிங் எஃகில், வெல்டுக்கு ஓரத்திலுள்ள இரும்பு வேகமாகக் குளிர்ந்து கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறுகிறது. அதனால்தான் ஒட்டிய பிளேட்டு ஒட்டிய இடத்தில் ஒடியாமல் அதற்கு அரை அங்குலம் தள்ளி ஒடிகிறது. ‘என் வெல்டிங் நிக்குது பாருங்க’ என்று வெல்டர் பெருமையாகக் காட்டுவதும் அதனால்தான். ஒடிந்த ஸ்பிரிங் பிளேட்டை ஒட்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். சேஸில் விரிசலைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டியதில்லை. சேறு கழுவிக் காய்ந்த மறுநாள், வெல்டின் ஓரத்திலோ துளையின் ஓரத்திலோ பென்சில் கோடு கிழித்த மாதிரி காவி நிறத்தில் ஒரு மெல்லிய வரி தெரியும். விரிசல் திறந்து மூடும்போது உள்ளே தண்ணீர் போய்த் துருவைக் கக்குகிற இடம் அது. அந்த வரியைக் கண்டால் பாரம் ஏற்றுவதை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

துரு என்றதும் மீன் வண்டிகளைச் சொல்லாமல் போக முடியாது. கிரேட்டிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் பெட்டியின் தரையில் இறங்கி, பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே போய்த் தங்கிவிடும். வெயிலில் காய்ந்துவிட்டது என்று நினைப்போம், உப்பு காயாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சித் தானே கரைந்து நிற்கும். நம் கடலோரத்தில் பெரும்பாலான இரவுகளில் அது தாண்டிவிடுகிறது. மழை பெய்யாத மாதத்திலும் வண்டியின் அடிப்பகுதி இரவெல்லாம் நனைந்தே கிடக்கிறது என்று அர்த்தம். இரும்பைவிடத் துரு பல மடங்கு இடம் எடுக்கும். ஆகவே இரண்டு தகட்டுக்கு நடுவே பிடித்த துரு அவற்றை ஜாக்கி வைத்துத் தூக்குகிற மாதிரிப் பிளந்து தள்ளும்.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு, அதில் முதன்மையானது மிகச் சாதாரணமானது: அடியிலிருந்து நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுவது, பெட்டியின் வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்து வைப்பது. பலரும் இதை விட்டுவிட்டுக் கரி ஆயிலை அடித்துவிடுவார்கள். பழைய எஞ்சின் ஆயில் இரும்புக்குக் கொஞ்சம் காப்புதான். ஆனால் ஸ்பிரிங் முனையைச் சேஸில் மாட்டும் ஷேக்கிளில் இருக்கும் ரப்பர் புஷ் இயற்கை ரப்பராக இருந்தால் ஆயிலைக் குடித்து ஊதி, இளகிப் பிய்ந்துவிடும். ரப்பர் விளைகிற மாவட்டத்தில், ரப்பருக்கு ஆயில் ஆகாது என்பதை ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்க வேண்டியதில்லை; இருந்தும் தெளிக்கிறோம். மண்ணில் வழிந்து கிணற்றை நோக்கிப் போகும் மீதியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேலோட்டமான துருவுக்குக் கடையில் கிடைக்கும் துரு மாற்றி மருந்து பலவற்றில் டானிக் அமிலம்தான் சரக்கு. அது துருவோடு சேர்ந்து கருநீலமாகிக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து நம் முன்னோர் மை காய்ச்சியபோது நடந்த வேதிவினையும் இதுவே. ஆனால் தின்று போன தகட்டுக்கு இந்த மருந்து பலம் கொடுக்காது.

பெட்டித் தரையில் பளபளப்பான அலுமினிய செக்கர்டு ஷீட் அடிப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. அலுமினியம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து ஷீட் ஓட்டையாகும். நடுவே ரப்பர் ஷீட்டோ கெட்டியான பெயிண்டோ இருந்தால் இது நிற்கும். ஹம்ஃப்ரி டேவி 1824-இல் இதே விதியைப் போர்க்கப்பல்களுக்குப் பயன்படுத்தினார். செப்புத் தகடு வேய்ந்த அடிப்பாகம் கடல்நீரில் அரிக்காமலிருக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளை வைத்தார். செம்பு அரிப்பது நின்றது. அரிக்கும்போது கசிந்த செம்பின் நஞ்சுதான் அதுவரை சிப்பியையும் பாசியையும் விலக்கி வைத்திருந்தது. அதுவும் நின்றுபோனதால் கப்பலின் அடியில் அவை மண்டிக் கப்பல் மந்தமானது. அந்தக் காலத்தின் தலைசிறந்த வேதியியலாளருக்கே மாற்றம் இப்படிப் பக்கத்து இடத்தில் போய் வெளிப்பட்டது.

வீட்டு முற்றத்தில் செய்வதற்கு எனக்கு மிகவும் பிடித்த வேலை எர்த் வயர். காலையில் சாவி திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்குகிறார்கள். சில நாளில் மறுபடி அதே சத்தம். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து சேஸுக்கும் எஞ்சினுக்கும் போகிற தடித்த வயரின் முனையைக் கழற்றிப் பாருங்கள். லக்குக்கும் சேஸுக்கும் நடுவே கடல்காற்று பூசிய துரு ஒரு தாள் கனத்துக்கு இருக்கும். டீசல் ஸ்டார்ட்டர் எளிதாக 200 ஆம்பியர் இழுக்கும். அந்தத் துருவின் மின்தடை ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்குதான் என்றாலும் 12 வோல்ட்டில் 2 வோல்ட்டை அங்கேயே விழுங்கிவிடும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்து, கியர் நியூட்ரலில் இருக்க ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அகப்பட்டான். உப்புத்தாளால் இரண்டு பக்கமும் இரும்பு மின்னும்வரை தேய்த்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் முடிந்தது. பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுக்க வேண்டும். பாசிட்டிவில் மாட்டிய ஸ்பேனர் பாடியைத் தொட்டுவிட்டால் ஸ்பேனரே பழுக்கும்.

எர்த் வயர் முழுதாக அறுந்துவிட்டால் நடப்பது இன்னும் விந்தை. மின்சாரம் திரும்பிப்போக வழி தேடி ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்ததில் எல்லாம் பாயும். கேபிள் புகைகிறதென்றால் கேபிளை மாற்றிப் பயனில்லை. விளக்கிலும் இதே கணக்குதான். 60 வாட் பல்பைக் கழற்றி 100 வாட் போட்டால் மின்னோட்டம் 5 ஆம்பியரிலிருந்து எட்டைத் தாண்டும். வயரில் சூடு அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி இரண்டே முக்கால் மடங்காகும். தனி ரிலேயும் தடித்த வயரும் ஃபியூஸும் போடாமல் பல்பை மட்டும் மாற்றினால் சுவிட்சு உருகும்.

ஓரிடத்து மாற்றம் இன்னோரிடத்துக்குப் போகும் என்பதைச் சட்டமும் அறிந்தே பேசுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கறாராகவே உறுதி செய்தது. எத்தனை பிளேட்டு ஏற்றினாலும் ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய மொத்த எடை ஒரு கிலோகூட உயராது. அதைத் தாண்டினால் அபராதம் 20,000 ரூபாய், மேலும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அமெரிக்காவின் ஒட்டாவா நகருக்கு அருகே 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டியே நடத்திய சாலைச் சோதனை, அச்சின் பாரம் இரட்டிப்பானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்று காட்டியது. மார்த்தாண்டம் சாலையின் குழிகளில் நம் பங்கும் இருக்கிறது.

பிரேக்கைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், ஏனெனில் வீட்டில் கைவைப்பவர்கள் அதிகம் அவசரப்படுவது அதில்தான். 3 டன் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 1.4 லிட்டர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிக்க வைக்கப் போதும். ஒவ்வொரு தடவையும் அந்தச் சூடு டிரம்மிலும் டிஸ்க்கிலும் இறங்குகிறது. அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கு வருகிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். தண்ணீர் ஊறிப் பழசான பிறகு 140 டிகிரி தாங்கினாலே தேறியதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கொதித்தால் ஆவிக்குமிழ்; குமிழை மிதி அழுத்தும், சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேராது. மலையிறக்கத்தில் பிரேக் ‘தரைக்குப் போய்விட்டது’ என்று சொல்கிற பல நிகழ்வுகள் இவ்வளவுதான். நம்மூர்க் காற்றில் இரண்டாண்டுக்கு ஒரு முறையாவது ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். பாதி தீர்ந்து திறந்து கிடக்கும் பாட்டிலை ஊற்றவும் கூடாது.

மாற்றி ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே மிதியை விட வேண்டும். முந்திக்கொண்டு விட்டால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். நிப்பிளில் மாட்டிய ஒளிபுகும் குழாயில் குமிழ் நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கம். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சேஸுக்கு முட்டுக்கொடுத்தால் அச்சு தொங்கும். உயரம் பார்க்கிற அந்த வால்வு ‘காலி’ என்று எண்ணிப் பின்பக்க வழியை நெருக்கிவிடும், காற்று முழுதாக வராது. ஆகவே சமதரையில், அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுச் செய்ய வேண்டும். முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மிதி நின்ற இடத்தில் நின்றால் சரி. மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை வண்டியை எடுக்கக் கூடாது.